பால் பல் விழும் முன்னே பந்தயம்

நேயர்களுக்கு வணக்கம். பந்தயக் குதிரைகளின் நலனைப் பற்றி ஒரு கால்நடை மருத்துவராகப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ரேஸ் கோர்ஸே இல்லையே, நமக்கெதற்கு இது என்று சிலர் நினைக்கலாம். ஓசூரில் பஸ் ஏறினால் பெங்களூரு ரேஸ் கோர்ஸ் எட்டும் தூரம்தான். நம் மத்திகிரிப் பண்ணையே ஒரு காலத்தில் படைக்குக் குதிரை வளர்த்த இடம். பந்தயத்தில் கழித்துவிட்ட குதிரைகளில் சில கல்யாண ஊர்வலத்துக்கென்று நம் தெருக்களுக்கும் வந்து சேர்கின்றன.

பந்தயக் கொடுமை என்றதும் எல்லோருக்கும் சாட்டைதான் கண்ணில் படும். குதிரைத் தோல் தடிமன், உறைக்காது என்பதெல்லாம் வெறும் பேச்சு. வலியை உணரும் மேல்தோல் நமக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை என்று 2020-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனாலும் என்னைக் கேட்டால் சாட்டை இரண்டாம் பட்சம். முதலில் பார்க்க வேண்டியது வயது.

குந்தாரப்பள்ளிச் சந்தையில் காளை பிடிக்கப் போகிறவர் என்ன செய்வார்? வாயைப் பிரித்து, ரெண்டு பல்லா நாலு பல்லா என்று பார்ப்பார். பல் போடாத கன்றின் கழுத்தில் நுகத்தடி வைக்க நம் விவசாயி துணிய மாட்டார். குதிரைக்கும் அதே கணக்குதான். முன்வரிசைப் பால் பற்களில் நடுப்பல் விழுவதே இரண்டரை வயதில். வாய் நிறைய ஐந்து வயது ஆகும். பந்தய உலகிலோ ஒன்றரை வயதில் முதுகில் ஆள் ஏறிவிடுகிறார். இரண்டு வயதுக்காரர்களுக்கென்றே பந்தயங்கள் நடக்கின்றன. இன்னொன்று, வட பாதி உலகில் பந்தயக் குதிரை எந்த மாதம் பிறந்தாலும் ஜனவரி 1-தான் பிறந்தநாள். ஏப்ரலில் பிறந்த குட்டிக்கு ஏட்டில் மூன்று மாதம் கூடுதலாகவே வயது ஏறியிருக்கும்.

இளம் குதிரையை ஓடவே விடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. குட்டி ஓடியாடினால்தான் எலும்பு உறுதிப்படும். முழு வேகப் பாய்ச்சலும், நடுவில் போதிய ஓய்வு இல்லாததும்தான் வினை. முழங்காலுக்குக் கீழே குதிரைக்குச் சதையே கிடையாது. எலும்பு, தசைநாண், தோல், அவ்வளவுதான். 450, 500 கிலோ உடம்பு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் பாயும்போது, ஒரு கணம் ஒரே முன்னங்கால் தரையில் நிற்கும். அந்தக் காலில் உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு இறங்கும். எலும்பில் மயிரிழை வெடிப்பு விழும். ஓய்வு கிடைத்தால் அது தானாகக் கூடி ஆறிவிடும். ஆறும் முன் அந்தக் காலின் முன்பக்கத்தில் கை வைத்தால் சூடு தெரியும், விரலால் அழுத்தினால் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் வலி மருந்தைப் போட்டு ஓட்டினால், காலைக் காப்பாற்றும் ஒரே காவல்காரனையும் விரட்டியடித்த மாதிரி.

முறிந்தால் கட்டுப்போட்டுப் படுக்க வைக்கலாமே என்பீர்கள். குதிரையை வாரக்கணக்கில் படுக்க வைக்க முடியாது. மூன்று காலில் நின்றால் நல்ல காலின் குளம்புக்குள் வீக்கம் கண்டு அதுவும் கெடும். அதனால்தான் பல முறிவுகள் கருணைக்கொலையில் முடிகின்றன. அமெரிக்காவின் சான்டா அனிட்டா ரேஸ் கோர்ஸில் 2018 டிசம்பர் முதல் 2019 ஜூன் வரை சுமார் 30 குதிரைகள் இறந்து பெரிய அமளி ஆனது. 2020-ல் அந்த நாடு பந்தயக் குதிரைகளின் பாதுகாப்புக்கென்று தனிச் சட்டமே போட்டது.

ஓடாத நேரமும் சுகமில்லை. நாளெல்லாம் மேய வேண்டிய பிராணி லாயத்தில் அடைந்து கிடந்து, தானியத்தை வேளைக்கு வேளை தின்கிறது. குதிரை வயிற்றில் அமிலம் ஓயாமல் சுரக்கும், வாயில் புல் இருக்கிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. பயிற்சியில் இருக்கும் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றுப்புண்.

நம் மாநிலத்தில் 1974-ல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது. 1996-ல் உச்ச நீதிமன்றம், பந்தயம் சூதல்ல, திறமை சார்ந்தது என்றது. 2024-ல் கிண்டி ரேஸ் கோர்ஸுக்கு அரசு சீல் வைத்தது குத்தகைத் தகராறில். மூன்றிலும் குதிரையின் கால் வழக்காகவே இல்லை. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960 முதல் இருக்கிறது. பயிற்சி தொடங்கும் வயதையும், பந்தயத்துக்கு முன் கட்டாயக் கால் பரிசோதனையையும் கண்டிப்பான விதியாக்கச் சொல்லிக் கேட்பதற்கு அதைவிட வேறென்ன அடிப்படை வேண்டும்?

ஐந்தாறு வயதில் பந்தயம் முடியும். ஆயுளோ இருபத்தைந்து வருஷம். மீதியில் ஒரு பகுதிதான் பேண்டு வாத்தியத்துக்கு நடுவே, கொதிக்கும் தார் ரோட்டில் கழிகிறது. கல்யாணத்துக்குக் குதிரை பேசப் போகிறவர்கள் அதை ஐந்து நிமிஷம் நிற்க வைத்துப் பாருங்கள். பின்னங்காலை மடித்து நின்றால் ஓய்வெடுக்கிறது, கவலை வேண்டாம். முன்னங்காலை முன்னே நீட்டி வைத்து நின்றால் வலி. பிறகு கொஞ்ச தூரம் நடத்திப் பாருங்கள். ஒரு முன்னங்கால் ஊன்றும்போதெல்லாம் தலை மேலே தூக்கினால் அந்தக் காலில்தான் கோளாறு. அந்தக் குதிரையை வாடகைக்கு எடுக்காதீர்கள், 1962-க்கு போன் பண்ணி கால்நடை மருத்துவ வண்டியைக் கூப்பிடச் சொல்லுங்கள். குதிரைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அவரும் அந்தக் காலை நம்பித்தான் பிழைக்கிறார். வணக்கம்.