முழம் யார் கையில்?

(வேலூரில் ஒரு நூலக வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள நாற்காலிகளுக்கு நடந்த போட்டியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வேலூர் வெயிலில் அது நியாயம்தான். கொஞ்சம் தாமதமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். வரும் வழியில் நேதாஜி மார்க்கெட்டில் பூ வாங்கலாம் என்று போனேன். அங்கே ஒரு தகராறு.

எனக்கு முன்னால் நின்றவர் நல்ல உயரம். நாலு முழம் மல்லி கேட்டார். பூக்கார அம்மா சரத்தை விரல் நுனியில் பிடித்து முழங்கைவரை இழுத்து, நாலு தடவை அளந்து அறுத்துக் கொடுத்தார். இவர் அதைத் தன் கையில் வைத்துப் பார்த்தார். மூன்றரைதான் வந்தது. "என்னம்மா, அரை முழம் கொறையுதே?" அந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உன் கையில அளந்தா கொறையத்தான் செய்யும் நைனா. பூ விக்கிறது என் கை."

நான் இன்றைக்குப் பேச வந்த விஷயமே அதுதான். அந்த அம்மாவின் கணக்கில் பிழை இல்லை. அவர் கணக்கிலும் பிழை இல்லை. இரண்டு பேரும் ஒழுங்காகத்தான் அளந்தார்கள். ஆனால் தொடங்கிய இடம் வேறு. 'என் கைதான் முழம்' என்பதற்கு அந்த அம்மாவிடம் நிரூபணம் கேட்க முடியாது. அதை ஒப்புக்கொண்டால்தான் மற்ற அளவெல்லாம் ஆரம்பிக்கும்.

இப்படி ஆரம்பத்தில் வைக்கிற வாக்கியத்தைத்தான் ஆக்சியம் என்கிறார்கள். தமிழில் அதை வெளிப்படை உண்மை என்று எழுதுகிறவர்கள் உண்டு, அடிகோள் என்று எழுதுகிறவர்களும் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. வெளிப்படை உண்மை என்றால், அது சூரியன் மாதிரி அங்கே நிற்கிறது, கண் உள்ளவன் பார்த்தால் போதும் என்று ஆகிவிடும். கோள் அப்படி இல்லை. கோள் என்பது கொள்வது. 'எக்ஸ் என்று வைத்துக்கொள்வோம்' என்று கணக்கு வாத்தியார் சொல்கிறாரே, அந்தக் 'கொள்'. என் ஓட்டு இதற்குத்தான்.

ஒன்பதாம் வகுப்பில் நான் எழுந்து ஒரு கேள்வி கேட்டேன். ஒரு கோடு, அதற்கு வெளியே ஒரு புள்ளி. அந்தப் புள்ளி வழியாக ஒரே ஒரு இணைகோடுதான் போட முடியும் என்கிறீர்களே, ஏன் சார்? "அது அப்படித்தான், உட்காருடா." வகுப்பே சிரித்தது. பல வருஷம் கழித்து நானே வாத்தியாராகி அதே பாடத்தை நடத்தும்போதுதான் தெரிந்தது, பெரிய பெரிய ஆட்களையும் இந்தக் கேள்வி உட்கார விடவில்லை என்று.

கிறிஸ்து பிறப்பதற்கு ஏறக்குறைய 300 ஆண்டுகளுக்கு முன்னால் யூக்ளிட் தன் வடிவியல் நூலை எழுதினார். அதன் தொடக்கத்தில் ஐந்து விஷயங்களைக் கேட்கிறார். ஆமாம், கேட்கிறார். அவர் போட்ட கிரேக்கச் சொல்லுக்கு வேண்டுகோள் என்றுதான் பொருள். இரண்டு புள்ளிகளை இணைத்து ஒரு கோடு போட விடுங்கள், ஒரு மையத்தைச் சுற்றி வட்டம் போட விடுங்கள், இப்படி. முதல் நாலும் சின்ன வரிகள். ஐந்தாவது மட்டும் பத்திரப் பதிவு ஆபீசில் எழுதியது போல நீளும். இணைகோடு பற்றியது அதுதான்.

அந்த ஐந்தாவதை மற்ற நாலிலிருந்து வருவித்துவிடலாம் என்று இரண்டாயிரம் வருஷம் முயன்றார்கள். 1733ல் சாக்கேரி என்ற இத்தாலியப் பாதிரியார், அது பொய் என்று வைத்துக்கொண்டு தொடங்கினார். முரண்பாடு வந்துவிடும் என்று எதிர்பார்த்தார். நெடுந்தூரம் போயும் வரவில்லை. கடைசியில், இதெல்லாம் நேர்கோட்டின் இயல்புக்கே ஒவ்வாது என்று சொல்லி முடித்துக்கொண்டார். பாவம், புது உலகத்தின் வாசலில் நின்று கதவைச் சாத்திவிட்டு வந்தவர். அப்புறம் ஹங்கேரியில் போயாய் என்று அப்பாவும் மகனும். அப்பா இதிலேயே உழன்று நொந்தவர். மகன் யானோஸுக்கு, அந்தப் பக்கமே போகாதே என்று கெஞ்சிக் கடிதம் எழுதினார். எந்த மகன் கேட்டிருக்கிறான்? ஐந்தாவது இல்லாமலே ஒரு முழு வடிவியல் நிற்கும் என்று யானோஸ் எழுதியது 1832ல் வெளிவந்தது, அப்பாவின் புத்தகத்துக்கே பின்னிணைப்பாக! ரஷ்யாவில் லோபசெவ்ஸ்கி 1829லேயே அதையே அச்சிட்டிருந்தார். அந்த வடிவியலில் ஒரு புள்ளி வழியாக எத்தனையோ இணைகோடுகள் போகும். முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180 பாகைக்குக் குறையும்.

இதெல்லாம் தாளில்தானே என்று தோன்றும். சரி, நம் ஊரிலிருந்தே ஒரு முக்கோணம் போடுவோம். வேலூர், சென்னை, புதுச்சேரி. பரப்பு ஏறக்குறைய 7,500 சதுர கிலோமீட்டர். பூமி உருண்டை, அதன் மேல் நேர்கோடு என்பது இரண்டு ஊருக்கு இடையே மிகக் குறுகிய வழி. இந்த முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் 180 பாகையைத் தாண்டும், பாகையில் சுமார் நூறில் ஒரு பங்கு. கொஞ்சம்தான். ஆனால் 1802ல் மதராசில் தொடங்கி நாட்டையே முக்கோணம் முக்கோணமாக அளந்த லாம்ப்டனின் ஆட்களுக்கு அந்தக் கொஞ்சத்தை விட்டுவிட முடியாது. உருண்டையில் இணைகோடே கிடையாது. எந்த இரண்டு கோடும் எங்கேயோ வெட்டிக்கொள்ளும். ஆக, என் கேள்விக்கு வாத்தியார் சொல்லியிருக்க வேண்டியது, "தட்டையான தாள் என்று வைத்துக்கொண்டோம், அதனால்" என்பதுதான்.

தர்க்கத்திலும் இதே கதைதான். மணிமேகலை காஞ்சியில் அறவண அடிகளிடம் தர்க்கம் கேட்கிறாள். மலையில் நெருப்பு உண்டு, ஏனென்றால் புகை தெரிகிறது, அடுக்களையைப் போல. அந்த அடுக்களைக்குத் திட்டாந்தம் என்று பெயர். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. நியாயம் என்ற பழைய இந்தியத் தர்க்க மரபின் நூலார் திட்டாந்தத்துக்குச் சொல்கிற இலக்கணம், படித்தவனும் பாமரனும் ஒருமனதாக ஒப்புவது என்பது. புகை அடுப்பைப் பார்க்காதவன் அந்தக் காலத்தில் ஏது? எல்லோரும் ஒப்புகிற இடத்தில் வாதம் காலை ஊன்றுகிறது. இப்போது கேஸ் அடுப்பில் வளர்ந்த பிள்ளையிடம் அடுக்களையைச் சொல்லிப் பாருங்கள், மலைக்கே போக மாட்டான்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஊரே நம்புவதெல்லாம் அடிகோள் ஆகிவிடாது. ஆறு உண்டு நீரில்லை, கோயில் உண்டு சாமி இல்லை என்று நம் ஊரைப் பற்றிச் சொல்வார்களே, அது வெறும் தகவல். 1981ல் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரரைக் கொண்டுவந்து வைத்ததும் ஒரு பாதி போனது. 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டபோது மற்றப் பாதியும் ஆட்டம் கண்டது. தகவலைப் போய்ப் பார்த்துச் சரிபார்க்கலாம். அந்த அம்மாவின் கையை என்னவென்று சரிபார்ப்பது?

கர்ட் கோடல் என்ற தர்க்க அறிஞரைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். எண்களின் கூட்டல், பெருக்கலைப் பற்றி எத்தனை அடிகோள் வைத்தாலும், அவை முரணில்லாமல், ஒழுங்காக எழுதிக் காட்டக்கூடியவையாக இருந்தால், அவற்றால் நிரூபிக்கவும் மறுக்கவும் முடியாத வாக்கியம் ஒன்று மிஞ்சும் என்று 1931ல் காட்டினார். அதற்குத் தனியாக ஒரு மாலை வேண்டும்.

இன்னும் ஒன்று சொல்லி உட்காருகிறேன். காட்பாடிப் பக்கம் அண்ணன் தம்பி இரண்டு பேருக்குப் பொதுக் கிணறு. மோட்டார் முறையில் சண்டை. பேசித் தீர்க்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள், கணக்கு வாத்தியார் என்பதால். அண்ணனுக்கு மூன்று ஏக்கர், தம்பிக்கு ஒன்றரை. அண்ணன் மணிக்கணக்கைச் சீட்டில் எழுதிக் காட்டினார், சரியாக இருந்தது. தம்பியும் காட்டினார், அதுவும் சரியாக இருந்தது. ராத்திரி ஒன்பது மணிவரை கூட்டலைத்தான் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அவர்கள் அம்மா இடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஏண்டா, தண்ணி ஆளுக்கா, நெலத்துக்கா? அத மொதல்ல சொல்லுங்கடா."

நான் சீட்டுகளை மடித்து வைத்துவிட்டேன். அன்றைக்குப் பேச்சு முடியவில்லை. மறுநாள் காலையும் போனோம்.