பிரவுசருக்குள் ஒரு சாகசம்: சின்ன கேம்களின் ஈர்ப்பு எங்கே இருக்கிறது?

அவைக்கு வணக்கம். தனி ஆட்களும் இரண்டு மூன்று பேர் சேர்ந்த குழுக்களும் செய்து, பிரவுசரிலேயே ஆடும்படி வெளியிடுகிற சாகச கேம்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கோடிகளைக் கொட்டி எடுத்த கேம்கள் வரிசைகட்டி நிற்கும்போது இவற்றை ஏன் ஒருவர் தேடிப்போய் ஆட வேண்டும்? இலவசம் என்பதால் என்று சொல்லிவிடலாம். அது பாதி பதில்கூட இல்லை. லிங்கை அழுத்திய சில நொடிகளில் ஆடுபவர் கதைக்குள் நிற்க வேண்டும். அதற்காகச் செய்பவர் ஒவ்வொன்றையும் குறைத்தாக வேண்டும். அந்தக் குறைப்புதான் இவற்றுக்குத் தனி முகம் கொடுத்தது என்பது என் கட்சி.

2003இல் வந்த ‘சமோரோஸ்ட்’டை எடுத்துக்கொள்ளுங்கள். யாகூப் த்வோர்ஸ்கி ப்ராக் நகரில் கலைப் படிப்பின் பட்டத்துக்காகச் செய்த ஃப்ளாஷ் கேம் அது; ஃப்ளாஷ் என்பது பிரவுசரோடு சேர்க்கும் பிளக்இன், அதாவது துணை நிரல், வழியே ஓடிய தொழில்நுட்பம். வெள்ளை உடுப்புப் போட்ட குள்ளன் ஒருவன். அவன் வீடு இருக்கும் சிறுகோள்மீது இன்னொன்று மோத வருகிறது. பறந்துபோய் அதைத் திசைதிருப்ப வேண்டும். வசனம் கிடையாது. பையில் பொருள் சேர்க்கும் வேலையும் கிடையாது. பாசி, மரப்பட்டை, வேர் ஆகியவற்றின் புகைப்படங்களை ஒட்டிச் செய்த நிலத்தில், எதைத் தொட்டால் என்ன நடக்கிறது என்று மவுஸால் தடவிப் பார்க்க வேண்டியதுதான். அந்தத் தடவலே ஆட்டம். எவ்வளவு நுணுக்கமான துணிச்சல் பாருங்கள்!

2013இல் மைக்கேல் டவுன்சென்ட் வெளியிட்ட ‘எ டார்க் ரூம்’ படமே இல்லாமல் இதைச் சாதித்தது. தொடக்கத்தில் சில வரிகள், நெருப்பு மூட்ட ஒரு பொத்தான், அவ்வளவுதான். போகப்போக விறகு, குடிசைகள், பிறகு எழுத்துகளாலேயே வரைந்த ஒரு வரைபடம். விதிகளை யாரும் விளக்குவதில்லை. புதிதாக ஒரு பொத்தான் முளைப்பதுதான் கதையின் திருப்பம்.

ஃப்ளாஷுக்கான ஆதரவை அடோபி 2020 டிசம்பர் 31உடன் நிறுத்தியது. பிரவுசரில் ஆடிய பல்லாயிரம் கேம்கள் ஒரே அடியில் இருண்டன. ஃப்ளாஷைப் போலவே நடந்துகொள்ளும் ‘ரஃபிள்’ என்ற எமுலேட்டர் அவற்றில் பலவற்றை மறுபடி ஓடவைக்கிறது. புதிதாகச் செய்பவர்களுக்குப் பாடம் ஒன்று உண்டு: பிளக்இன் எதையும் நம்பாத, ஒரே எச்டிஎம்எல் கோப்பாக வெளிவரும் கருவியைத் தேர்ந்தெடுங்கள்.

ஆடம் லெ டூ உருவாக்கிய ‘பிட்சி’ அப்படிப்பட்டது. ஓர் அறை 16க்கு 16 கட்டம், ஒரு கட்டம் 8க்கு 8 பிக்சல், அடிப்படையில் மூன்றே நிறம். ஓர் ஆளை வரைய உங்களிடம் இருப்பது 64 புள்ளிகள். அதில் முகபாவம் வராது. ஆகவே உணர்வெல்லாம் வசனத்திலும், அந்த ஆள் எங்கே நிற்கிறார் என்பதிலும்தான் வந்தாக வேண்டும். பிட்சியில் பாத்திரத்தின்மேல் ஏறிப்போக முடியாது; மோதினால்தான் பேசும். பாட்டியை அறை மூலையில் நிறுத்துகிறோமா, வாசலை அடைத்தாற்போல் நிறுத்துகிறோமா என்பதிலேயே கதை மாறிவிடும்.

எழுத்துதான் உங்கள் பலம் என்றால், வழி பிரியும் கதைகளை எழுத கிறிஸ் கிளிமாஸின் ‘ட்வைன்’ என்ற கருவி இருக்கிறது. இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதியது அடுத்த பகுதிக்கு லிங்க் ஆகிவிடும். புதியவர்கள் இங்கேதான் மூச்சுத் திணறுகிறார்கள். ஒவ்வொரு வழியையும் அடுத்தடுத்து ஐந்து முறை இரண்டிரண்டாகப் பிரித்து, எங்கும் சேர்க்காமல் விட்டால் 32 முடிவுகள், மொத்தம் 63 பகுதிகள். ஆடுபவர் ஒரு சுற்றில் படிப்பதோ ஆறு! பிரிந்த வழிகளைச் சீக்கிரமே ஒன்றாகச் சேருங்கள். எந்த வழியாக வந்தார் என்பதை ஒரு மாறியில் (நிரல் மதிப்பை நினைவில் வைக்கும் இடத்தில்) வைத்துக்கொண்டு, பின்னால் யாராவது ஒருவர் அதை நினைவுபடுத்திப் பேசட்டும். தேர்வுக்கு எடை அங்கேதான் கிடைக்கிறது.

வெளியிடும்போது வரும் கோளாறுகள் பெரும்பாலும் மூன்று. முதலாவது, உங்கள் விண்டோஸ் கணினியில் தெரிந்த படம், கேம்களை வெளியிடும் தளமான இட்ச்.ஐஓவில் ஏற்றியதும் காணாமல் போகும். கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டை அங்கே கறாராகப் பார்ப்பார்கள். ஏற்றும் ஜிப் கோப்பின் முதல் அடுக்கிலேயே இண்டெக்ஸ்.எச்டிஎம்எல் இருக்கட்டும். அடுத்தது ஒலி: ஆடுபவர் ஒருமுறை கிளிக் செய்யும்வரை பிரவுசர்கள் அதைத் தடுத்துவைக்கும் என்பதால் ‘தொடங்கு’ பொத்தான் ஒன்று கட்டாயம். மூன்றாவது, சேவ், அதாவது ஆடியவரை சேமித்துவைப்பது. அது லோக்கல் ஸ்டோரேஜில், பிரவுசர் அந்தக் கணினியிலேயே வைத்துக்கொள்ளும் சேமிப்பில், இருக்கிறது. பிரைவேட் விண்டோவை மூடினால் போய்விடும், சஃபாரி பல நாள் தொடாத தளத்தின் சேமிப்பைத் தானாகவே அழித்துவிடும். அரை மணிக்கு மேல் நீளும் கேம் என்றால், நிலையை ஒரு கோப்பாக இறக்கிவைக்க வழி கொடுங்கள்.

தமிழில் எழுதுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வசனத்தை எழுத்தெழுத்தாகத் திரையில் தட்டச்சுப்போல் காட்டும் நிரல்கள் யூனிகோடு குறியீடுகளை ஒவ்வொன்றாக எடுக்கின்றன. ‘கொடி’ என்று வர வேண்டிய இடத்தில் முதலில் ‘க’ தெரியும். அடுத்து முன்னால் ஒற்றைக்கொம்பு முளைத்து அந்தக் ‘க’ வலப்பக்கம் தள்ளப்படும். பிறகு ‘ட’ வந்து ‘டி’ ஆகும். படிப்பவர் கண் தடுக்கிக்கொண்டே இருக்கும். பிரவுசரின் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் உள்ள ‘இன்டில்.செக்மென்டர்’ (Intl.Segmenter) வைத்துப் பிரித்தால் ‘கொ’, ‘டி’ என்று முழு எழுத்தாகவே வரும். ஒருமுறை தட்டினால் முழு வரியும் வந்துவிடும் வழியையும் வைத்துவிடுங்கள். இரண்டாம் முறை ஆடுபவரை அதே வரிக்காகக் காக்கவைக்கக் கூடாது.