செடி வாங்கப் போகுமுன்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

புது வீடு கட்டி, கிரகப்பிரவேசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் பலருக்குத் தோட்டம் ஞாபகத்துக்கு வருகிறது. அவசரமாக ஒரு ஆளைக் கூப்பிடுவார்கள். வாசலில் இரண்டு அலங்காரப் பனை, சுற்றுச்சுவர் ஓரம் வரிசையாக இட்லிப்பூச் செடி, நடக்கிற இடமெல்லாம் பேவர் பிளாக், மிச்சத்தில் புல்தரை என்று இரண்டே நாளில் அவர் முடித்துக் கொடுத்துவிடுவார். போட்டோவுக்கு அழகாகத்தான் இருக்கும். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள். இட்லிப்பூவின் இளம் இலைகள் மஞ்சளடித்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும்.

சத்து போதவில்லை என்று உரத்தை வாங்கிக் கொட்டுவார்கள். கொட்டுவதற்கு முன்னால் அந்த இடத்தைக் கடப்பாரையால் ஒரு அடி கிளறிப் பாருங்கள். உடைந்த செங்கல், கலவைக் கட்டி, பூச்சு வேலையில் சிந்திய சிமெண்ட் எல்லாம் வரும். கொத்தனார் வேலை முடிந்ததும் குப்பையைத் தள்ளி மூடுகிற இடம் சுவர் ஓரம்தானே! சிமெண்டும் சுண்ணாம்பும் மண்ணில் காரத்தன்மையை ஏற்றிவிடும். அப்படி ஏறிய மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. இட்லிப்பூ கொஞ்சம் அமிலத்தன்மையுள்ள மண்ணில் வளர்கிற செடி என்பதால் அதுதான் முதலில் காட்டிக்கொடுக்கிறது. அந்த இடத்தில் ஒன்றரை அடி ஆழத்துக்கு மண்ணை அள்ளி வெளியே போட்டுவிட்டு, செம்மண்ணும் மக்கிய தொழு உரமும் கலந்து நிரப்புவதுதான் வைத்தியம். வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும்போதே இதைச் செய்துவிட்டால் செலவு குறைவு.

சென்னை, செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்கம் ஒரு கிரவுண்டு, அதாவது 2400 சதுர அடி மனையில் வீடு கட்டியவர்களை மனத்தில் வைத்துத்தான் பேசுகிறேன். மண்ணுக்கு அடுத்தபடியாகத் தண்ணீர். 1000 சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 930 லிட்டர் தண்ணீர் இறங்கும். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 140 சென்டிமீட்டர் அளவுக்கு மழை உண்டு. பெருக்கிப் பார்த்தால் ஒரு லட்சத்து முப்பதாயிரம் லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் பத்து, பதினோரு லோடு! அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். காம்பவுண்டு முழுக்கக் கல் பாவிவிட்டால் அத்தனையும் தெருவுக்கு ஓடும், அல்லது பக்கத்து வீட்டுக்காரரிடம் சண்டை இழுத்துவிடும். 2003-இல் மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் கட்டாயமானது. அப்போது தோண்டிய குழிகள் எத்தனையோ வீடுகளில் தூர்ந்து கிடக்கின்றன. மழை பெய்யும்போது குடையை எடுத்துக்கொண்டு வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எங்கே மண்ணை அரித்துக்கொண்டு போகிறது என்று அப்போதுதான் தெரியும். தேங்குகிற மூலையில் வாழை, கல்வாழை வையுங்கள். அங்கே கொண்டுபோய் எலுமிச்சையை வைத்தால் வேர் அழுகிச் செத்துப்போகும்.

வெயிலையும் பார்க்க வேண்டும். சென்னை நிலநடுக்கோட்டிலிருந்து 13 டிகிரி வடக்கே இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் சூரியன் உச்சந்தலைக்கு நேராக வந்து, அதன்பிறகு ஆகஸ்ட் நடுப்பகுதி வரை வடக்கே தள்ளி நிற்கும். அதனால் மார்கழியில் முழு நிழலாக இருக்கிற வடக்குச் சுவர் ஓரத்தில் கத்திரி வெயில் நேராக விழும். மார்கழி நிழலை நம்பி அங்கே வைத்த பெரணிகள் மே மாதத்தில் கருகுவது இதனால்தான்.

மேற்குப் பக்கத்துக்குத்தான் மரம் அவசியம். வீட்டைச் சூடாக்குவது பிற்பகல் வெயில். சுவரிலிருந்து பதினைந்து அடி விட முடிந்தால் என் ஓட்டு புங்கனுக்கு. பங்குனி வாக்கில் இலை கொட்டி, வெயில் உச்சத்துக்கு வருவதற்குள் தளதளவென்று தளிர்த்துவிடும். இடம் குறைவு என்றால் பவழமல்லி, பொறுமை இருந்தால் மகிழம். செப்டிக் டேங்க், சம்ப் பக்கத்தில் பெரிய மரம் எதுவும் வேண்டாம். முருங்கை லேசான காற்றுக்கே முறியும். கார் நிற்கிற இடத்தில் வைக்காதீர்கள். வேகமாக வளருகிறது என்று கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரத்தை வேலி போல நட்டவர்கள் உண்டு. குஜராத் அரசு 2023-இல் அதைத் தடை செய்தது. தமிழ்நாட்டிலும் தடை வந்துவிட்டது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் நம் தெருக்களில் குல்மொகரும் தூங்குமூஞ்சியும் எப்படிச் சாய்ந்து கிடந்தன என்பது பலருக்கு நினைவிருக்கும். அடிமரத்தை நெருக்கிக் கான்கிரீட் போட்டால் எந்த மரத்துக்கும் பிடிமானம் போய்விடும். சுற்றி மூன்றடியாவது மண்ணை விட்டுவையுங்கள்.

இதையெல்லாம் தாளில் வரைந்த பிறகு நர்சரிக்குப் போகலாம். நம் ஊர் நர்சரிகளில் நிற்கிற செடிகளில் நிறைய, ஆந்திராவில் ராஜமுந்திரிக்குப் பக்கத்திலுள்ள கடியத்திலிருந்து லாரி ஏறி வந்தவை. உயரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். பையின் அடியைக் கவனியுங்கள். வேர் பொத்துக்கொண்டு வெளியே தொங்கினால் அந்தச் செடி பையிலேயே கிழடாகிவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து பையைக் கிழித்ததும் வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால் விரலால் பிரித்துவிடுங்கள், பிரியாததை வெட்டிவிடுங்கள். அப்படியே நட்டால் பத்து வருஷம் ஆனாலும் அந்த வேர் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். மரத்துக்கு இரண்டடி நீள, அகல, ஆழக் குழி போதும். பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நடுங்கள். தண்டைப் புதைத்தால் பட்டை அழுகும். முட்டுக்கோலோடு சேர்த்துக் கயிற்றை எட்டு வடிவில் சுற்றித் தளர்வாகக் கட்டி, ஒரு வருஷத்தில் அவிழ்த்துவிட வேண்டும்.

புல்தரை பற்றிக் கேட்காதவர்களே இல்லை. வேண்டாம் என்றுதான் சொல்வேன். கோடையில் ஒரு சதுர மீட்டர் புல்லுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் என்று வைத்தாலும், 500 சதுர அடிக்கு 230 லிட்டர் ஆகிறது. தண்ணீர் லாரிக்குப் போன் போடுகிற தெருவில் இதை எப்படி நியாயப்படுத்துவது? குழந்தைகள் உருண்டு விளையாட ஒரு பாய் அகலத்துக்கு அருகம்புல் இருக்கட்டும். மற்ற இடத்தில் பொடுதலையைப் பரப்புங்கள். தரையோடு ஒட்டிப் படரும், ஓரளவு மிதிபடும், தண்ணீரும் குறைவாகவே கேட்கும். பூக்கும்போது தேனீ வரும் என்பதால் வெறுங்காலோடு நடக்கிறவர்கள் மட்டும் பார்த்து நடக்க வேண்டும்.

பராமரிப்பில் பெரிய வித்தை எதுவுமில்லை. தினமும் மேலோட்டமாக ஓஸ் பிடிப்பதைவிட, மரத்துக்கு வாரம் இருமுறை ஆழமாகத் தண்ணீர் விடுவது மேல்; வேர் கீழே தேடிப் போகும். செடியைச் சுற்றி மூன்று விரற்கடைக்குச் சருகு மூடாக்குப் போடுங்கள், தண்டை மட்டும் தொடாமல். குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒட்ட வெட்ட வேண்டும். பார்க்கப் பரிதாபமாக இருக்கும், மனசு வராது. ஆனால் புதுக் கிளையில்தான் பூ.

செம்பருத்தி வைத்த எல்லோருக்கும் மாவுப்பூச்சி பழக்கம்தான். 2008-இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டியது. மெக்சிகோவைப் பூர்வீகமாகக் கொண்ட அது பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று எதையும் விடவில்லை. எந்த மருந்துக்கும் அடங்காததை, 2010-இல் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விட்ட ஒட்டுண்ணிக் குளவிகள் அடக்கின. அசெரோபேகஸ் என்ற கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத குளவி அது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிட்டு உள்ளிருந்தே தின்று தீர்க்கும். கடும் விஷ மருந்து அடித்தால் இந்த மாதிரிக் குளவிகளும் பொறிவண்டுகளும்தான் முதலில் சாகும். மெழுகுப் பூச்சுக்குள் இருக்கிற மாவுப்பூச்சி தப்பித்துக்கொள்ளும். ஓஸ் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள். மோசமான கிளையை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். மிச்சத்துக்கு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். செடியில் எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள். மாவுப்பூச்சி விடுகிற தேன் போன்ற கழிவுக்காக அதற்குக் காவல் நிற்பது எறும்புதான். எறும்பின் பாதையை அடைக்காமல் எத்தனை தடவை தெளித்தாலும் பூச்சி திரும்ப வரும்.

வணக்கம்.