மூச்சின் இழுவிசையும் நுரையீரல் காயமும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

செப்சிஸ் என்றதும், கிருமி ரத்தத்தில் பெருகி ஆளைக் கொன்றுவிடுகிறது என்றே பலரும் எண்ணுகிறோம். தொடங்கி வைப்பதுதான் கிருமி. உறுப்புகளைச் சிதைப்பதில் பெரும்பங்கு, அதை எதிர்த்துக் கிளம்பிக் கட்டுமீறிப் போகும் நம் உடலின் சீற்றத்துக்கே. 2017-இல் மட்டும் உலகெங்கும் சுமார் 4.9 கோடிப் பேரைச் செப்சிஸ் தாக்கியது, அதையொட்டி 1.1 கோடிப் பேர் இறந்தார்கள் என்பது மதிப்பீடு.

அந்தச் சீற்றத்தில் முதலில் அடிபடும் உறுப்புகளில் ஒன்று நுரையீரல். காற்றையும் ரத்தத்தையும் பிரிக்கும் சுவரின் தடிமன் அங்கே பல இடங்களில் ஒரு மைக்ரான்கூட, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. நுண்குழாய்ச் செல்கள் சற்று விலகினாலே நீர் கசிந்து காற்று நுண்ணறைகளில் தேங்குகிறது. அப்போது வெண்டிலேட்டர் வைக்கிறோம். ஆனால் ஏற்கெனவே புண்பட்ட நுரையீரலை அதிகக் காற்று ஊதி விரித்தால் காயம் கூடுகிறது. 2000-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், ஒரு மூச்சுக்குக் கொடுக்கும் காற்றை, உயரத்தைக் கொண்டு கணித்த உடல் எடையில் கிலோவுக்கு 12 மில்லிலிட்டரிலிருந்து 6 ஆகக் குறைத்ததும் இறப்பு ஏறத்தாழ 40 சதவீதத்திலிருந்து 31 ஆக இறங்கியது. புது மருந்து எதுவுமில்லை, விசையைக் குறைத்தார்கள், அவ்வளவுதான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அந்த விசை செல்களை என்ன செய்கிறது என்று கண்ணால் பார்க்க வழி தந்தவர்களில் முக்கியமானவர் ஹார்வர்டு வைஸ் நிறுவனத்தின் டொனால்டு இங்பர். அவரும் டான் ஹூ முதலிய சகாக்களும் 2010-இல் ஒரு சிப் செய்தார்கள். ஒளி ஊடுருவும், இழுத்தால் நீளும் சிலிக்கோன் ரப்பர். நடுவே நுண்துளைகள் கொண்ட 10 மைக்ரான் படலம். அதன் ஒருபுறம் நுண்ணறைச் செல்கள், மறுபுறம் ரத்தக்குழாய்ச் செல்கள். பக்க அறைகளில் காற்றை உறிஞ்சி விட்டால் படலம் விரிந்து சுருங்கும், அதாவது மூச்சு விடும். நீளாத கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது.

2012-இல் இதே சிப்பில், நுரையீரலில் நீர் கோக்கச் செய்யும் ஒரு புற்றுநோய் மருந்தைச் செலுத்தினார்கள். கசிவு வந்தது. மூச்சசைவையும் சேர்த்தபோது கசிவு வெகுவாகக் கூடியது. செல்லின் உறையில் இழுப்பை உணர்ந்து அயனிகளை, அதாவது மின்னேற்றத் துகள்களை, உள்ளே விடும் ஒரு வாயிலை அடைத்ததும் அது தணிந்தது. இந்தச் சோதனையைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். கசிவைத் தடுக்க மருந்தைக் குறிவைக்க வேண்டிய இடத்தை அது காட்டியது.

செப்சிஸுக்கும் இங்பரின் குழு ஒரு தீர்வைத் தேடியது. மண்ணீரலின் பாணியில் 2014-இல் செய்த கருவி அது: கிருமிகளின் மேலுள்ள சர்க்கரைகளைப் பற்றும் ஒரு ரத்தப் புரதத்தை மாற்றியமைத்து, காந்த நுண்மணிகளில் பூசினார்கள். மணிகள் கிருமியைப் பிடிக்க, காந்தம் இரண்டையும் ரத்தத்திலிருந்து இழுத்தெடுத்தது. எலிகளில் 90 சதவீதத்துக்கு மேல் பாக்டீரியா நீங்கியது. செத்த கிருமிகளையும் நச்சுகளையும்கூட அது பிடிப்பதால், சீற்றத்தின் எரிபொருளே குறைகிறது.

ஆனால் எலிக்குத் தொற்று எப்போது ஏற்பட்டது என்பது ஆய்வாளருக்குத் தெரியும். ஐ.சி.யு.வுக்கு வரும் நோயாளிக்கோ சீற்றம் முன்பே மூண்டிருக்கும், நுரையீரல் கசியத் தொடங்கியிருக்கும். கிருமியை அகற்றிய பிறகும் அந்தச் சுவரை எப்படி மூடுவது என்பதுதான் இத்துறையில் உழைப்பவர்கள் இன்று விடை தேட வேண்டிய கேள்வி.