பழத்துக்கு என்ன விலை?

(கொட்டகலையில், கோப்பி வளர்க்கும் குடும்பங்களின் சிறு கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அம்மாமாரே, அய்யாமாரே, தம்பி தங்கச்சிமாரே,

நம்மைத் தேயிலைச் சனம் என்கிறார்கள். ஆனால் நம் முன்னோர் மன்னாரில் இறங்கி, மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்து வந்தது கோப்பிக்காக. 1869இல் இலைத்துரு நோய் தென்பட்டு, கோப்பி அழிந்து, அதன் பிறகுதான் இந்த மலைகளைத் தேயிலை மூடியது. இன்று நாம் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் நிற்கிற நாலைந்து கோப்பிச் செடிகளைத் தேடி வியாபாரிகள் வருகிறார்கள். அவர்களோடு விலை பேசும் கணக்கு நம் கையில் இருக்க வேண்டும்.

அரபிக்கா என்ற கோப்பி வகைக்கு நியூயோர்க் சந்தையில் தினமும் ஒரு விலை சொல்கிறார்கள். 2001இல் அது இறாத்தலுக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, 50 அமெரிக்கச் சதத்துக்கும் கீழே விழுந்தது. பிரேசிலில் வறட்சி அடித்தபின், 2025 பெப்ரவரியில் 4 டொலரையும் தாண்டியது. கேட்டதும் நமக்கு ஆசை வருகிறது. ஆனால் அது உலர்த்தி, தோல் நீக்கிய பச்சைக் கொட்டையின் விலை. ஒரு கிலோ கொட்டைக்கு ஏறக்குறைய 6 கிலோ பழம் வேண்டும். இறாத்தல் 4 டொலர் என்றால் கிலோ ஏறக்குறைய 8 டொலர் 80 சதம். அதை ஆறால் வகுத்தால் ஒரு கிலோ பழத்துக்கு ஒன்றரை டொலர்கூட வராது. அதற்குள்தான் உலர்த்தும் கூலி, லொறி, ஏற்றுமதிச் செலவு எல்லாம் அடங்க வேண்டும்.

தரமான கோப்பியின் விலை வேறு வழியில் ஏறுகிறது. சுவைத்துப் பார்த்து 100க்கு 80 புள்ளியோ அதற்கு மேலோ பெறுகிற கோப்பியைத்தான் உயர்தரம் என்கிறார்கள். 350 கிராம் கொட்டையை மேசையில் பரப்பினால், முழுக்கக் கறுத்தது ஒன்றுகூட இருக்கக் கூடாது. இந்தச் சுவையின் தொடக்கம் பறிக்கிற விரலில் இருக்கிறது.

என் அம்மா பறிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு கொப்பில் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் நெருங்கி நிற்கும். சிவந்ததை மட்டும் திருகி எடுப்பார். பத்து நாளில் மறுபடி அதே கொப்புக்கு வருவார். வீட்டில் வாளித் தண்ணீரில் கொட்டினால், பூச்சி அரித்ததும் சொத்தையும் மேலே மிதக்கும். அவற்றை அள்ளி எறிந்துவிடுவார். கொப்பை ஒரே இழுப்பாக உருவியிருந்தால் கூடை சீக்கிரம் நிறைந்திருக்கும். இரண்டுக்கும் கிலோவுக்கு ஒரே விலை என்றால், கவனமாகப் பறித்தவருக்குத்தானே நட்டம்? அதனால் சிவந்த பழத்துக்குத் தனி விலை கேளுங்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நிறுவையையும் சொல்கிறேன். தேயிலைக் கொழுந்து நிறுக்கையில் ஈரத்துக்கென்று கிலோ கழிப்பதை நாம் எல்லோரும் அனுபவித்திருக்கிறோம். ஒரு வியாபாரி எங்கள் 6 சாக்குப் பழத்தில், சாக்குக்கு 2 கிலோ கழித்தார். வெறுஞ்சாக்கை நிறுத்துப் பாருங்கள், ஒரு கிலோகூட வராது. கழித்த 12 கிலோ பழம் 2 கிலோ கொட்டைக்குச் சமம். அன்று அம்மா வாய் திறக்கவில்லை. எனக்கு இன்றும் அது ஆறவில்லை.

விலை கூட்டினால் கோப்பி விற்காது என்பார்கள். கணக்குப் பார்ப்போம். ஒரு கிலோ கொட்டையை வறுத்தால் சுமார் 840 கிராம் மிஞ்சும். கோப்பைக்கு 16 கிராம் என்றால் 50 கோப்பைக்கு மேல். பழத்துக்குக் கிலோவுக்கு 50 ரூபா கூட்டிக் கொடுத்தால் ஒரு கிலோ கொட்டைக்கு 300 ரூபா கூடும், ஒரு கோப்பைக்கு 6 ரூபாவும் இல்லை. கொழும்பில் கோப்பி குடிக்கிறவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. இங்கே 100 கிலோ பழம் கொடுக்கிற வீட்டுக்கு அது 5,000 ரூபா.

அடுத்த பறிப்பை வாங்க வியாபாரி வரும்போது பற்றுச்சீட்டில் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள்: நிறுத்த எடை, கழித்த எடை, கிலோ விலை. எழுத மறுத்தால் பழத்தைக் கொடுக்காதீர்கள். வீட்டிலேயே பாயில் பரப்பிக் காயவையுங்கள். நன்றாகக் காய்ந்த கோப்பி மாதக்கணக்கில் கெடாது.