‘வறண்ட வானிலை’ என்றதும் ஊட்டி விவசாயி ஏன் பயப்படுகிறார்?

(திரையில்: வானிலை அறிக்கையின் ஒரே ஒரு வரி, பெரிய எழுத்தில்)

“வறண்ட வானிலை நிலவும்.” டிசம்பர் மாதத்தில் இந்த வரியைக் கேட்டால் சென்னைக்காரர் நிம்மதியாகத் துணி துவைத்துக் காயப்போடுவார். கோவைக்காரர் ஊட்டிக்குக் கிளம்பிவிடுவார். ஊட்டியில் உருளைக்கிழங்கு போட்டிருப்பவர் மட்டும் முகம் வாடி வானத்தை அண்ணாந்து பார்ப்பார். ஒரு துண்டு மேகம்கூட இல்லையே என்பது அவருடைய கவலை.

வணக்கம் நண்பர்களே. ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை நீலகிரிக்கு வருகிற வானிலை அறிவிப்பை எப்படிப் படிப்பது என்பதுதான் இன்றைய வீடியோ. ஊட்டிக்கு விடுதி அறை பதிவு செய்துவிட்டுக் கைப்பேசியில் குடைச் சின்னத்தைப் பார்த்துக் குழம்பி நிற்பவர்களுக்கும் இது உதவும். சந்தா பொத்தானை இப்போதே அழுத்திவிடுங்கள். உறைபனி வரும் இடத்தில் நீங்கள் மறந்துவிடுவீர்கள், எனக்குத் தெரியும்.

(திரையில்: நீலகிரி மாவட்ட வரைபடம், ஆறு வட்டங்களும் தனித்தனி நிறத்தில்)

பூகோளப் பாடத்தை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். உதகமண்டலம், குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என்று ஆறு வட்டங்கள். அடிவாரத்து மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டர் சொச்சம், ஊட்டி 2,240 மீட்டர், தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக் காற்று. கூடலூர், பந்தலூர், தேவாலா, நடுவட்டம், அவலாஞ்சி எல்லாம் நனைகின்றன. அக்டோபர் மூன்றாவது வாரவாக்கில் காற்று திரும்பி, வங்கக்கடலிலிருந்து வருகிறது. அப்போது குன்னூர், கோத்தகிரி, பர்லியாறு பக்கத்துக் கிழக்குச் சரிவுக்கு முறை. பாடம் முடிந்தது.

இப்போது ஒரு கேள்வி. நீலகிரியில் இருபத்துநான்கு மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டிய இடம் எது? மழைச் செய்திகளைப் பின்தொடர்கிறவர்கள் உடனே “அவலாஞ்சி, 2019 ஆகஸ்ட்” என்பீர்கள். சரிதான். ஆனால் இன்னொரு விடையும் உண்டு. கேத்தி. 2009 நவம்பர் 10. அங்கேயும் 82 சென்டிமீட்டர்.

அவலாஞ்சி ஊட்டிக்குத் தென்மேற்கே, கேத்தி தென்கிழக்கே. ஒன்று ஆடியில், மற்றொன்று ஐப்பசியில். மலை ஒன்றுதான், மழையைக் கொண்டுவந்த கடல் வேறு வேறு. 82 சென்டிமீட்டர் என்பது எவ்வளவு என்று புரிய வேண்டுமானால் இதைப் பாருங்கள்: அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்று மாதங்களில் தமிழ்நாட்டுக்குச் சராசரியாகக் கிடைப்பது சுமார் 44 சென்டிமீட்டர். ஏறக்குறைய அதில் இரண்டு மடங்கைக் கேத்தி ஒரே நாளில் வாங்கிக்கொண்டது.

ஆகவே “நீலகிரி மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் கனமழை பெய்யக்கூடும்” என்று அறிவிப்பு வந்தால் மாவட்டத்தின் பெயரோடு நின்றுவிடாதீர்கள். கனமழை என்றால் ஒரு நாளில் சுமார் 7 முதல் 11 சென்டிமீட்டர். 12 முதல் 20 வரை மிகக் கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. ஓரிரு இடங்கள் என்றால் மழைமானி நிலையங்களில் அதிகபட்சம் கால்பங்கு. அந்தக் கால்பங்கு எந்தப் பக்கம் என்பதை மாதமும் காற்றும் சொல்லிவிடும். நவம்பரில் வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வுப்பகுதி உருவாகிக் கீழைக்காற்று வலுத்தால், என் கண் முதலில் போவது குன்னூர், கோத்தகிரி பக்கம். அதே நாளில் மசினகுடியில் தூசி பறந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். அந்தச் சீகூர் பீடபூமி இரண்டு பருவமழைக்கும் மறைவிடம். முட்புதர்க் காடு அங்கே சும்மா வளரவில்லை.

(திரையில்: மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலை, வளைவுகள்)

மண்சரிவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதைத் தாண்டிப் போகாதீர்கள். 1978, 1993, 2009. நீலகிரியின் கொடிய மண்சரிவுகள் நடந்த ஆண்டுகளில் மூன்று இவை. மூன்றுமே நவம்பர். 1993-இல் மரப்பாலத்தில் சாலையே போயிற்று, பேருந்துகளும் போயின. 2009-இல் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடியில் கெட்டியான சார்னகைட் பாறை. அதன்மேல் பல மீட்டர் ஆழத்துக்குச் சிதைந்த செம்மண். நாலைந்து நாள் தொடர்ந்து பெய்து மண் நிறைந்த பிறகு, ஆறாம் நாள் வரும் சாதாரண மழைகூடச் சரிவை இழுத்துவிடும். அதனால் இன்றைக்கு எவ்வளவு பெய்யும் என்பதோடு, போன வாரம் முழுக்க எவ்வளவு பெய்தது என்பதையும் கூட்டிப் பாருங்கள். கைப்பேசிச் செயலிகள் இதைச் சொல்வதில்லை. எனக்கு அவற்றின்மேல் இருக்கும் பெரிய கோபமே இதுதான். மலை ரயில் ரத்து என்று செய்தி வந்தால் எரிச்சல்படாதீர்கள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுகிற வண்டி அது; பாதையில் ஒரு பாறை கிடந்தாலும் போதும்.

சரி, இனி பனி. இந்த வீடியோவை எடுத்ததே இதற்காகத்தான் என்று ஒப்புக்கொள்கிறேன்.

(திரையில்: அதிகாலை, ஊட்டி குதிரைப்பந்தய மைதானம், வெள்ளைப் புல்வெளி)

ஒரு புதிர். ஊட்டியில் காலை ஆறு மணிக்கு வெப்பநிலை 4 டிகிரி என்று செய்தி வருகிறது. தண்ணீர் உறைவது பூஜ்யத்தில். அப்படியானால் பந்தய மைதானத்துப் புல் எப்படி வெள்ளையாக உறைந்து கிடக்கிறது? செய்தி பொய்யா?

இரண்டுமே உண்மை. வானிலை நிலையத்து வெப்பமானி தரையிலிருந்து சுமார் நான்கு அடி உயரத்தில், காற்றோட்டமுள்ள வெள்ளை மரக்கூண்டுக்குள் இருக்கிறது. அது சொல்வது காற்றின் வெப்பநிலையை. புல் தரையில் கிடக்கிறது, தலைக்குமேல் திறந்த வானம். பகலில் வாங்கிய சூட்டை நிலமும் புல்லும் இரவு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத கதிர்களாக மேலே அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. மேகம் இருந்தால் அது கம்பளி மாதிரி. போன சூட்டில் ஒரு பங்கைத் திருப்பித் தந்துவிடும். மேகம் இல்லையென்றால் போனது போனதுதான். அதுவும் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் காற்று மெலிந்தது, மழை ஓய்ந்தபின் ஈரமும் குறைந்துவிடுகிறது. தடுக்க ஆளே இல்லை. ஆகவே நான்கடி உயரத்தில் 4 டிகிரி இருக்கும்போதே புல்லின் நுனி பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. காற்றிலுள்ள நீராவி அதன்மேல் அப்படியே பனிக்கட்டியாகப் படிகிறது.

விவசாயியின் கவலை இப்போது புரிகிறதா? வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற இரவுகளில் உறைபனி கிடையாது. மழை விலகி, வானம் துடைத்துவிட்டது போலத் தெளிந்து, காற்றும் அசையாமல் நிற்கிற முதல் இரவிலிருந்து அவருக்கு ஆபத்து. ஆகஸ்ட், செப்டம்பரில் விதைத்த கடைபோக உருளைக்கிழங்கு அப்போது நிலத்தில் நிற்கும். நீலகிரிக்காரர்கள் முதலில் நீர்ப்பனி விழும், பிறகுதான் உறைபனி என்பார்கள். வழக்கமாக நவம்பரில் தொடங்குவது. மழைமேகம் விடாமல் இருந்தால் தள்ளிப்போகும். பெரும்பாலும் மழைக்குறி மறைந்து சூரியன் படம் வந்த அடுத்த ஓரிரு நாட்களில் “நீலகிரியில் ஓரிரு இடங்களில் இரவில் உறைபனிக்கு வாய்ப்பு” என்ற வரியும் வந்து சேரும்.

அடுத்த புதிர் இதைவிட எனக்குப் பிடித்தது. உயரம் ஏற ஏறக் குளிர் கூடும் என்றுதான் படித்திருக்கிறோம். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்று கணக்கே உண்டு. அப்படியானால் உறைபனியைப் படமெடுக்க எல்லோரும் தொட்டபெட்டா உச்சிக்கல்லவா ஓட வேண்டும்? உள்ளூர்ப் புகைப்படக்காரர்கள் போவது தலைக்குந்தாவுக்கும் காந்தலுக்கும் பந்தய மைதானத்துக்கும். எல்லாம் தாழ்வான இடங்கள். குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவுகளில் குளிர்ந்த காற்று மெல்ல வழிந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. விடியும் நேரத்தில் பள்ளத்தின் அடித்தளம் பக்கத்துச் சரிவைவிடப் பல டிகிரி குளிர்ந்திருக்கும். பந்தய மைதானம் ஊட்டியின் கிண்ணத்துக்கு அடிப்பாகம், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில். ஆகவே உறைபனி பார்க்க அதிகாலையில் மலையேறப் போகிறேன் என்று யாராவது கிளம்பினால், தடுத்து நிறுத்தி இந்த வீடியோவைக் காட்டுங்கள். பேருந்தை விட்டு இறங்கி எதிர்ப்புறம் பார்த்தால் போதும்.

(திரையில்: தாவரவியல் பூங்கா, தழை மூடிய பாத்திகள்)

இன்னும் ஒன்று சொல்லிவிட்டு நகர்கிறேன். செப்டம்பர், அக்டோபரில் வரும் இரண்டாவது சுற்றுலா சீசன் முடிந்ததும் ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளின்மேல் காய்ந்த தழையைப் பரப்பி வைத்திருப்பார்கள். குப்பை என்று நினைத்துப் பலர் முகம் சுளிப்பதைப் பார்க்கலாம். அது கோத்தகிரி மிலார் என்னும் செடி. செடி வானத்தைப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான் சூட்சுமம். மேலே இருக்கும் மிலார் தன் சூட்டை வானத்துக்கு இழந்து, தான் உறைந்துபோகும். கீழே இருக்கும் செடி தப்பித்துக்கொள்ளும். கதிர்வீச்சு, வெப்ப இழப்பு என்ற சொற்களே இல்லாமல் தோட்டக்காரர்கள் செய்கிற இயற்பியல் இது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம்.

தண்ணீர் தெளிக்கும் முறையும் உண்டு. உறைபனியில் தண்ணீரா என்று கேட்காதீர்கள். தண்ணீர் உறையும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது. தெளித்துக்கொண்டே இருந்தால் இலை பூஜ்யத்தைவிட அதிகம் இறங்காது. நடுவில் நிறுத்திவிட்டால்தான் வினை. தேயிலையில் பனி படிந்து, அதன்மேல் சுள்ளென்று வெயில் ஏறினால், சில நாட்களில் கொழுந்து பழுப்பேறிக் கருகிவிடும். தீயில் வாட்டினாற்போல இருக்கும் அந்தத் தோட்டத்தைப் பார்த்துவிட்டுப் பனி என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். தேயிலைக்காரர்களுக்கு இரண்டு பக்கமும் அடி என்றுதான் சொல்ல வேண்டும்: ஈரம் நீடித்தால் கொப்புள நோய், வானம் தெளிந்தால் உறைபனி.

மூடுபனிக்கு ஒரு வாக்கியம் போதும்: குன்னூர் மலைப்பாதையில் அது வந்தால் முகப்பு விளக்கைத் தாழ்த்தி வையுங்கள், வளைவில் முந்தாதீர்கள்.

பயணம் போகிறவர்களுக்கு என் கணக்கு இது. அக்டோபர் முதல் பாதியில் மேல்மலைக்குப் போவது நல்லது. பூங்காவில் இரண்டாவது சீசன் மலர்கள் இருக்கும், மாலையில் ஒரு மழை வரும், போகும். நவம்பரில் குன்னூர், கோத்தகிரி வழியில் போவதானால் ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை இருக்கும் நாளில் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்; விடுதி முன்பணத்தை நினைத்து மலையேறாதீர்கள். டிசம்பர் பின்பாதியில் தெளிந்த வானம் என்று வந்தால் கம்பளி உடையோடு போய்க் காலை ஆறரைக்குள் பந்தய மைதானத்துக்கு வந்துவிடுங்கள். வெயில் ஏறிவிட்டால் பார்ப்பதற்கு ஈரப்புல்தான் மிஞ்சும். வெளியூர் வண்டி நீலகிரிக்குள் நுழைவதற்கான இ-பாஸ் மறக்க வேண்டாம். மேல்மலை வெப்பநிலையைப் பார்க்காமல் கோயம்புத்தூர் வெப்பநிலையைப் பார்த்து மெல்லிய சட்டையோடு வருகிறவர்கள் ஆண்டுதோறும் உண்டு. சாலையோரச் சால்வைக் கடைகள் அவர்களை நம்பித்தான் இருக்கின்றன.

குந்தா, எமரால்டு, கோத்தகிரி பக்கத்து நண்பர்கள் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால், உங்கள் ஊரில் எந்தப் பள்ளத்தில் முதலில் உறைபனி விழும், எந்தச் சரிவு எப்போதும் தப்பிக்கும் என்று கீழே எழுதுங்கள். வானிலை நிலையம் இல்லாத இடங்களின் வரைபடம் ஒன்றை உங்கள் பதில்களைக் கொண்டே போடலாம் என்று இருக்கிறேன்.