நியூரோசயின்ஸ் படித்த பிள்ளைக்கு என்ன வேலை?

நேயர்களுக்கு வணக்கம். "பிள்ளை நியூரோசயின்ஸ், அதாவது மூளை, நரம்பு பற்றிய அறிவியல் படித்திருக்கிறாள், கூடவே தத்துவம், இலக்கியம், வரலாறு என்று என்னென்னவோ பாடமும் எடுத்திருக்கிறாள், டாக்டரும் இல்லை, இனி என்ன செய்வாள்?" செந்தூலிலிருந்து பட்டர்வொர்த் வரைக்கும் பெற்றோர் என்னிடம் இதைத்தான் கேட்கிறார்கள்.

இந்தச் சேர்க்கை நேற்று வந்ததில்லை. அமெரிக்காவில் ஆமர்ஸ்ட் என்ற லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி (அறிவியலோடு தத்துவம், இலக்கியம் போன்றவற்றையும் சேர்த்துக் கற்பிக்கும் கல்லூரி) 1973-லேயே இளங்கலையில் நியூரோசயின்ஸைத் தொடங்கிவிட்டது.

கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மருத்துவ உளவியல், பேச்சு சிகிச்சை, செவித்திறன் பரிசோதனை எல்லாம் நம் மலேசியாவில் துணைச் சுகாதாரத் தொழில்களுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் தொழில்கள். இந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு அவற்றில் நுழைய முடியாது, அதற்கென்று தனியாகப் படிக்க வேண்டும். அதை இரண்டாம் ஆண்டிலேயே விசாரித்துவிடுங்கள்.

ஆனால் மேற்கொண்டு படிக்காமலே போகக்கூடிய ஒரு வேலை இருக்கிறது, நம் பிள்ளைகள் அதிகம் கண்டுகொள்ளாத வேலை: மருந்து ஆய்வு ஒருங்கிணைப்பாளர். சுகாதார அமைச்சின் கீழ் 2012-இல் தொடங்கிய கிளினிக்கல் ரிசர்ச் மலேசியா என்ற மருந்து ஆய்வு நிறுவனம் இவர்களை வேலைக்கு எடுக்கிறது. பக்கவாதம் வந்த ஒரு பாட்டி புது மருந்து ஆய்வில் சேர வருகிறார் என்று வையுங்கள். சிலருக்கு உண்மையான மருந்து, சிலருக்கு மருந்தில்லாத மாத்திரை, யாருக்கு எது என்று பல ஆய்வுகளில் டாக்டருக்கே தெரியாது. "அப்போ எனக்கு மருந்தே கிடைக்காமலும் போகலாமாம்மா?" என்று பாட்டி கேட்பார். போகலாம் பாட்டி என்று மறைக்காமல் சொல்லி, ஏன் அப்படிச் செய்கிறார்கள், வேண்டாமென்றால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், அதனால் வழக்கமான சிகிச்சை நிற்காது என்பதையெல்லாம் அவருக்குப் புரியும் தமிழில் விளக்க ஒரு ஆள் வேண்டுமே! மூளையும் தெரிந்து, மனிதர்களிடம் பேசவும் தெரிந்த பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எது?

பினாங்கு பக்கம் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை இருக்கிறது. மருத்துவக் கருவி செய்யும் பி. பிரவுன் 1972-இல் பினாங்குக்கு வந்த ஜெர்மானிய நிறுவனம், அதன்பின் அதைப் போன்ற நிறுவனங்கள் பல வந்துவிட்டன. அங்கே பொறியியலாளர் மட்டும் போதாது; கருவியை விற்பதற்கான அனுமதி ஆவணங்களைத் தெளிவாக எழுத, ஒரு கருவியைப் பிடிக்கும்போது தாதி எங்கே தடுமாறுகிறார் என்று உட்கார்ந்து கவனிக்க ஆட்கள் வேண்டும்.

புள்ளியியலை மட்டும் விட்டுவிடாதீர்கள், பைத்தான் (Python), ஆர் (R) என்ற கணினி நிரல்மொழிகளில் ஒன்றாவது கைக்கு வரவேண்டும். அப்புறம், இந்த விடுமுறையிலேயே ஏதாவது ஓர் ஆய்வு மையத்துக்குப் பயிற்சி கேட்டு எழுதுங்கள். விண்ணப்பத்தில் மொழிகள் என்ற இடத்தில் தமிழையும் மறக்காமல் போடுங்கள்.